பல்லிக்குப் பேச்சு போன கதை

அந்தக் காலத்தில் பல்லி இப்போது மாதிரி உச்சுக் கொட்டிக்கொண்டு சுவரோரம் கிடக்காது. பேசும். வாயாரப் பேசும். காக்காய்க்கும் மாட்டுக்கும்கூட அன்றைக்குப் பேச்சு இருந்தது. ஆனால் அவை பேசுவதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? காக்காய் வாயைத் திறந்தால் சோற்றுக்குத்தான் திறக்கும். மாடு பேசினால் வைக்கோல் போதவில்லை என்று குறை சொல்லும். பல்லியின் பேச்சு அப்படியா! அது கூரைக்கடியில் உட்கார்ந்துகொண்டு மேலேயிருந்து பேசும். மேலேயிருந்து வருகிற பேச்சு என்றாலே நம் ஜனங்களுக்கு எப்போதும் ஒரு பயம்.

வடிவு என்று ஒருத்தி. அவள் வீட்டு விட்டத்தில் ஒரு பல்லி குடியிருந்தாள். ஊரே அவளைப் பல்லியக்கா என்றுதான் கூப்பிட்டது. மாடு வாங்கப் போகிறவன் வாசலில் நின்று, "என்னக்கா, போகட்டுமா?" என்று கேட்பான். "போ" என்றால் போவான். "போகாதே" என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான். உள்ளதைச் சொன்னால் பல்லியக்காளுக்கு மாட்டைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. வயிறு நிறைந்திருந்தால் போ என்பாள், பசித்திருந்தால் போகாதே என்பாள். அவ்வளவுதான் அவள் சாஸ்திரம். இது தெரியாமல் ஒரு ஊரே அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாளில் பெண்களுக்கு இடுப்பு வலி கண்டால் கத்துவார்கள். வலிக்கிறது, கத்துகிறாள், இதில் என்ன அதிசயம்? ஒருத்தி கத்தினால் தெருப் பெண்கள் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஒருத்தி முதுகைத் தேய்ப்பாள், ஒருத்தி வெந்நீர் போடுவாள். பிடித்துக்கொள்ள விட்டத்திலிருந்து கயிறு தொங்கும். மருத்துவச்சி மாடத்தி வலியைக் கொஞ்சம் மந்தமாக்குகிற கசாயம் ஒன்று காய்ச்சிக் கொடுப்பாள். "கத்து தாயி, நல்லா கத்து. நீ கத்துனாத்தான பிள்ளை எங்க வந்திருக்குன்னு எனக்கு விளங்கும்" என்பாள்.

இதெல்லாம் ஒரு சாயங்காலத்தோடு போயிற்று. வடிவுக்கு அன்றைக்குத் தலைப்பிரசவம். விளக்கு வைக்கிற நேரம். விளக்கைத் தேடிக் கொழுத்த விட்டில் பூச்சி ஒன்று வந்து சுவரில் உட்கார்ந்தது. பல்லியக்கா காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, பூச்சிக்குப் பக்கத்தில் போய்விட்டாள். கீழே வடிவு, "அய்யோ அம்மா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். பூச்சி பறந்துவிட்டது. சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தது. திரும்பப் போனாள். திரும்பக் கத்தினாள் வடிவு. பல்லியக்காளுக்கு வந்ததே கோபம்!

"ஏ வடிவு, வாயை மூடு! கத்திப் பெத்த பிள்ளை கோழையாத்தான் போகும், பாத்துக்கோ!"

குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று சொல்வோமே, அந்த மாதிரி எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் கீழே இருந்த பெண்கள் அப்படியே உறைந்துபோனார்கள். முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பல்லி சொல்லிவிட்டதே! வடிவு முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. விட்டில் வந்து உட்கார்ந்தது. பல்லியக்கா தின்றாள். கீழே ஆண்பிள்ளை பிறந்தது.

அந்தப் பையன் சங்கிலி நன்றாகத்தான் வளர்ந்தான். எல்லாப் பையன்களையும் போல மரம் ஏறினான், விழுந்தான், அழுதான். ஒருநாள் தெருவில் முட்ட வந்த கிடாவைக் கொம்பைப் பிடித்துத் தள்ளிவிட்டான். போதாதா ஊருக்கு? "பாத்தியா, வாயைத் திறக்காம பெத்த பிள்ளை!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து கத்துவது கேவலமாகப் போயிற்று. வலிக்கிறது என்று சொல்வதே கேவலம் என்று ஆன பிறகு கசாயம் எதற்கு? மாடத்தி அதைக் காய்ச்சுவதை விட்டாள். கயிற்றை அவிழ்த்துக் கிணற்றுக்குப் போட்டார்கள். வளைகாப்புச் சீரில் வளையலோடும் பூவோடும் வெள்ளைத் துணி ஒன்றையும் மடித்து வைத்தார்கள். அதற்கு வாய்த்துணி என்று பெயர். பிள்ளை பிறந்ததும் அந்தத் துணியைக் கொடியில் காயப்போடுவார்கள். போகிற வருகிற பெண்கள் அதைத் தூக்கிப் பிடித்துப் பல் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடமே இல்லை என்றால் அவளுக்கு ஊரில் மரியாதை. ஆழமாகப் பதிந்திருந்தால், "என்ன பெரிய வலியைக் கண்டுட்டா இவ!" என்று மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வார்கள்.

பல்லியக்காளுக்கு எல்லாம் தெரியும். நான் ஒரு பூச்சிக்காகச் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், அவள் வாக்குக்கு மரியாதையாக வடிவு விட்டத்துக்கு அடியில் தனியாக ஒரு விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தாள். விளக்கு இருந்தால் பூச்சிக்குக் குறைவில்லை. அப்புறம் எப்படி வாய் வரும்?

அவளும் ஒரு தாய்தான், பேருக்கு. சுவர் இடுக்கில் முட்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பூச்சி பிடிக்கப் போய்விடுவாள். வலி என்பது அவளுக்குப் பேர் மட்டும் கேள்விப்பட்ட ஊர். அந்த ஊருக்குத்தான் அவள் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

வடிவுக்குச் சங்கிலிக்கு அடுத்து ஒரு மகள். குருவம்மா. கல்யாணமாகிப் போனவள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். வலி கண்டதும் வாய்த்துணியை வைத்துக்கொண்டு உள் அறையில் படுத்தாள். சத்தம் இல்லாத பிரசவத்துக்குக் கூட்டம் எதற்கு? பெண்கள் வெளியே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். உள்ளே நடந்ததை விட்டத்திலிருந்து பார்த்தவள் பல்லியக்கா ஒருத்திதான். குருவம்மா ஒரு தடவை கண்ணை மேலே உயர்த்திப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் பல்லியக்கா மறுபக்கச் சுவருக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லையே என்று மாடத்தி எழுந்து போய்ப் பார்த்தபோது, வயிற்றுப் பிள்ளையோடு குருவம்மா போய்விட்டிருந்தாள்.

துணியில் ஒரு பல் தடம் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, "சத்தமில்லாம போனா மகராசி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வடிவு அழவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"பல்லியக்கா, எம்மக என் மானத்தைக் காப்பாத்திட்டா. இல்லையா?"

"ஆமா" என்றாள் பல்லியக்கா.

வேறு என்ன சொல்வாள்? அந்த ஆமா அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பிறகு விட்டில் பூச்சி எதிரே வந்து உட்கார்ந்தாலும் அவளுக்கு இறங்கவில்லை. தனக்கு என்று வைத்த விளக்கைக் கண்டாலே கூசியது. விட்டத்தின் மறுபக்கம், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து ஒண்டிக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. சங்கிலிக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்தாள். பேச்சி என்று பெயர். பெயர் வைத்தவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். அப்படி ஒரு வாய்! பானையோடு பேசுவாள், கோழியோடு பேசுவாள், அடுப்பு எரியாவிட்டால் அடுப்போடு சண்டைக்குப் போவாள். வந்த முதல் நாளே அண்ணாந்து பார்த்து, "பல்லியக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். போகட்டுமா வரட்டுமா என்று கேட்டவர்கள்தான் உண்டே தவிர, சாப்பிட்டாயா என்று பல்லியக்காளை அதுவரை யாரும் கேட்டதில்லை.

பேச்சிக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவம் புகுந்த வீட்டிலேயே என்று ஆயிற்று. வளைகாப்பு முடிந்த அன்றைக்கு, மடித்த வாய்த்துணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ரொம்ப வலிக்குமா? அத்தைகிட்ட கேக்க வெக்கமா இருக்கு."

நல்ல கேள்வி. நல்ல நேரம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. வலிக்கும்டி, வலித்தால் கத்து, நான் சொன்னது பொய் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பல்லியக்கா வாயைத் திறந்தாள். அடுப்படியில் வடிவு பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதே" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க மேல இருப்பீங்கல்ல? அது போதும் எனக்கு" என்று பேச்சி சிரித்தாள்.

ஐப்பசியில் அடைமழை. மத்தியானம் பேச்சிக்கு வலி கண்டது. மாடத்தி வந்து பார்த்துவிட்டு, "நேரம் இருக்கு மதினி" என்று வடிவிடம் சொல்லி வெளியே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்தார்கள். உள்ளே பேச்சி தனியாகக் கிடந்தாள். அந்த வாயாடி, வாய்த்துணியைக் கடித்துக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தாள்.

பல்லியக்கா விட்டத்திலிருந்து பார்த்தாள். முதலில் பேச்சியின் நெற்றியில் வியர்வை. அப்புறம் உதடு வெளுத்தது. வயிறு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. பேச்சி கண்ணை உயர்த்தி மேலே பார்த்தாள். அந்தப் பார்வை! அதே பார்வையை முன்னால் ஒருத்தி பார்த்திருக்கிறாள். மறுபக்கச் சுவர் பக்கத்தில்தான் இருந்தது. பல்லியக்கா இந்தத் தடவை போகவில்லை. சுவர் வழியாக இறங்கித் தலைமாட்டுக்கு வந்தாள்.

"பேச்சி, கத்துடி. கத்து!"

பேச்சி துணியை எடுத்தாள். "பிள்ளை கோழையாயிருமேக்கா. நீங்கதான சொன்னீங்க?"

"அது நான் சும்மா சொன்னதுடி."

பேச்சி அந்த நிலைமையிலும் சிரித்தாள். "என்னைச் சோதிக்கிறீங்களாக்கா? நான் தோக்க மாட்டேன்" என்று துணியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். எப்படி இருக்கும், சொல்லுங்கள்! தன் பொய்யை ஒருத்தி இப்படி நம்பினால் அந்தப் பொய்யைச் சொன்னவளுக்கு எப்படி இருக்கும்? பல்லியக்கா விழுந்தடித்துக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினாள்.

ஒருக்களித்திருந்த கதவுக்கு மேலே நிலையில் ஏறி, தலையைக் கூடத்துப் பக்கம் நீட்டினாள். வால் இன்னும் உள்ளே இருந்தது. வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, எப்படி இருக்கா என் மருமக? ஒரு சத்தம் காணோம். கெட்டிக்காரிதான்."

ஆபத்து என்று சொல்லவேண்டும். சொன்னால், சத்தமே இல்லையே, ஆபத்து எங்கே என்பாள். சத்தம் இல்லாமலும் சாவார்கள் என்று சொல்லவேண்டும். அப்படியானால் குருவம்மாளும் அப்படித்தானா என்பாள். குருவம்மா என்று அவள் கேட்டால் இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கூடத்துப் பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மழை" என்றாள் பல்லியக்கா. "மழை பெருசா வரும்போல இருக்கு."

"அதான் கொட்டுதே" என்று சொல்லிவிட்டு வடிவு புளியைப் பார்க்கக் குனிந்துவிட்டாள்.

தலை வெளியே, வால் உள்ளே. போவதா, சொல்வதா? ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது மழையைப் பற்றிப் பேசிவிட்டு அப்படியே நின்றாள், வெட்கங்கெட்டவள். அப்போது ஒரு காற்று வந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வால் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"அய்யோ! அம்மா! செத்தேன்! செத்தேனே!"

அப்படி ஒரு அலறலை அந்த வீடு சங்கிலி பிறந்த சாயங்காலத்துக்குப் பிறகு கேட்டதில்லை. மாடுகூடத் தொழுவத்தில் எழுந்து நின்றது. புளி சிதற எல்லாரும் எழுந்து ஓடி வந்தார்கள். ஒருத்தி கதவைத் தள்ளித் திறந்தாள். அறுந்த வால் நிலைப்படியில் விழுந்து துடித்தது. வாலைப் பார்க்கக் குனிந்தவர்கள், நிமிர்ந்தபோது அறைக்குள் பேச்சியைப் பார்த்துவிட்டார்கள். பாயெல்லாம் ரத்தம். கண் மேலே செருகியிருந்தது. வாயில் துணி அப்படியே இருந்தது.

மாடத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே பாய்ந்தாள். வயிற்றில் கை வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "பிள்ளை குறுக்க கிடக்கு! ஒரு கத்துக் கத்தியிருந்தா எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்குமே, பாவி மக!"

வடிவு மட்டும் நிலைப்படியில் நின்றுவிட்டாள். துடிக்கிற வாலைப் பார்த்தாள். மேலே மொட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

"ஒரு வாலுக்கா இந்தக் கத்துக் கத்துனே?" என்று கேட்டாள்.

பல்லியக்காளுக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை. "பூச்சிக்காகச் சொன்னேன் வடிவு. அன்னைக்கு நீ கத்துனதுல ஒரு விட்டில் பறந்துபோச்சு. பசி. அதுக்காகத்தான் சொன்னேன். கோழையும் இல்லை, வீரமும் இல்லை. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்ப என் குருவம்மா?"

உள்ளே பேச்சி லேசாக முனகினாள். வடிவு ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டு வாயிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

"கத்துடி, என் தாயி. கத்து!"

"முடியல அத்தை" என்றாள் பேச்சி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதுபோல் வந்தது.

அப்போது வடிவு கத்தினாள். மருமகளைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, கூரை அதிரக் கத்தினாள். சங்கிலியைப் பெற்றபோது முந்தானைக்குள் அமுக்கியது, மகள் போனபோது விழுங்கியது எல்லாம் வந்தது. அதைக் கேட்ட பேச்சியும் மெதுவாக முனகி, அப்புறம் அழுது, அப்புறம் கத்தினாள். மற்றவர்களும் அழுதார்கள். ஒருத்தி கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து விட்டத்தில் போட்டாள். மாடத்தி கசாயத்துக்கு என்னென்ன போடவேண்டும் என்பதையே மறந்திருந்தாள். யோசித்து யோசித்துக் காய்ச்சிக் கொடுத்தாள். பிறகு கையை விட்டுப் பிள்ளையைத் திருப்பினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது, தாயைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு. பேச்சி பிழைத்தாள்.

எல்லாம் அடங்கின பிறகு வடிவு பெட்டியைத் திறந்து குருவம்மாளின் வாய்த்துணியை எடுத்தாள். இத்தனை நாள் பெருமையாக வைத்திருந்த துணி. விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிரித்து, மூலை மூலையாகப் பல் தடம் தேடினாள். ஒன்றாவது இருக்காதா, என் பிள்ளைக்கு வலித்தது என்று சொல்ல ஒரு தடமாவது இருக்காதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். இல்லை. துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பல்லியக்கா விளக்குமாறு வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வடிவு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மன்னிப்பாவது கேட்கலாம் என்று பல்லியக்கா வாயைத் திறந்தாள். உடனே பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். எதற்கு? மாடத்தி கேட்டாளே, கேட்கவேண்டுமே அந்தக் கேள்வியை!

"அப்ப இனிமே கத்தித்தான் பெக்கணுமாக்கா? கத்தாம பெத்தா குத்தமா? நீயே சொல்லிரு."

பல்லியக்கா எதைச் சொல்வாள்? ஆமாம் என்றால் நாளைக்கு வலி தெரியாமல் பெறுகிற ஒருத்தியைக் கிள்ளிக் கத்தவைப்பார்கள். இல்லை என்றால் துணியை மறுபடி மடித்து வைப்பார்கள். எனக்குத் தெரியாது என்று இப்போதுதானே வாய்விட்டுச் சொன்னாள், அது ஒருத்தி காதிலும் ஏறவில்லையே! எதைச் சொன்னாலும் ஒருத்தியின் உயிருக்கு வினை. திறந்த வாயில் வந்துவிட்ட சொல்லை அப்படியே விழுங்கினாள். குருவம்மாளை நினைத்தாள். மனம் தாங்காமல் நாக்கு மட்டும் அடித்துக்கொண்டது.

"ச்சு... ச்சு... ச்சு..."

பாயில் கிடந்த பேச்சி அதைக் கேட்டாள். பிறகு பிள்ளைமேல் இருந்த கையை எடுத்து, கேட்டுவிட்டேன் என்பதுபோல் விரலால் தரையில் மெல்லத் தட்டினாள். பல்லியக்கா விளக்கு வெளிச்சத்தை விட்டு விலகி விட்டத்தின் இடுக்குக்குள் போய்விட்டாள்.

பல்லிக்கு வால் அறுந்தாலும் திரும்ப முளைக்கிறது. பேச்சு முளைக்கவில்லை. அந்த மழை நாளில் தொடங்கியதுதான், பல்லி உச்சு மட்டும் கொட்டுவதும், கேட்டவர்கள் விரலால் தட்டுவதும். நாமோ இன்றைக்கும் எதையாவது பேசிக்கொண்டிருக்கும்போது அது உச்சுக் கொட்டினால், "பார், பல்லியே சொல்லிவிட்டது" என்கிறோம். அதைக் கேட்டுக் கூசித்தான், ஒவ்வொரு தடவையும் பல்லி சுவர் இடுக்குக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடுகிறது.